குளிர்கால டயரா, எல்லாப் பருவ டயரா? ஜோபர்க்குக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

இங்கே குளிர்காலம் தொடங்குவது ஜூனில். ஜூன் பிறந்தால் போதும், எனக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். கோவையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க் (சுருக்கமாக ஜோபர்க்) வந்து, சேர்த்த பணத்தில் ஒரு பழைய காரும் வாங்கிய யாராவது போன் செய்வார்கள். "அண்ணா, விடியக்காலையில கண்ணாடி மேல எல்லாம் உறைபனி. டயர் மாத்தணுமா?" அநேகமாக அவர்களுக்கு ஜெர்மனியிலோ கனடாவிலோ ஒரு மச்சான் இருப்பார். அங்கே அக்டோபரில் குளிர்கால டயரை மாட்டி, ஈஸ்டருக்குப் பிறகு கழற்றி வைப்பதை ஒரு சடங்கு போலச் செய்வார்கள். அவர் பயமுறுத்தியிருப்பார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜோபர்க், பிரிட்டோரியா, டர்பன், கேப்டவுன் என்று நகரத்தில் இருக்கும் குடும்பக் காருக்குக் குளிர்கால டயர் வேண்டாம். அந்தக் காசில் மழையில் நன்றாகப் பிடிக்கிற நான்கு டயர் வாங்கி, காற்றை ஒழுங்காகப் பாருங்கள். சிலருக்கு மட்டும் பதில் மாறும். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ரப்பரைப் புரிந்துகொள்ளுங்கள்

தொளதொளவென்று ஆகிவிட்ட குக்கர் கேஸ்கட்டை ஃப்ரீஸரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் இறுகிப் பிடிக்கும். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. டயரும் ரப்பர்தான். வெயில் நாட்டுக்கென்று செய்த டயர், குளிர் ஏற ஏற விறைத்துப்போகும். விறைத்த ரப்பர் சாலையின் சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் படிந்து உட்காராது, வழுக்கும். சுமார் 7 டிகிரி செல்சியஸ் என்பதை இதற்கான எல்லைக்கோடாக டயர் தொழிலில் சொல்வார்கள். அந்த டிகிரியில் திடீரென்று எதுவும் நடந்துவிடாது. அதற்குக் கீழே போகப்போக சாதா டயரின் பிடி குறையத் தொடங்கும், அவ்வளவுதான்.

குளிர்கால டயரின் ரப்பர் கலவையே வேறு. உறைகுளிரிலும் அது நெகிழ்ந்து கொடுக்கும். பட்டனும், அதாவது சாலையைத் தொடும் மேற்பரப்பின் வெட்டு வடிவமும், வேறு மாதிரி: ஒவ்வொரு கட்டையிலும் கத்தியால் கீறியதுபோல மெல்லிய கோடுகள் நிறைய இருக்கும். வண்டி உருளும்போது அவை விரிந்து பனியைக் கவ்வும். சரி, இவ்வளவு நல்லதென்றால் வருடம் முழுக்க அதையே போட்டுக்கொண்டால் என்ன? பள்ளிக்கூட அழிரப்பரை நினைத்துப் பாருங்கள். மெத்தென்று இருக்கிற ரப்பர் நன்றாக அழிக்கும், சீக்கிரமே தேய்ந்தும் போகும். வெப்பமான தார்ச்சாலையில் மணிக்கு 120 கிலோமீட்டரில் போகும்போது குளிர்கால டயரின் கட்டைகள் நெளியும். ஸ்டியரிங் பிடிக்கும்போதே அந்தத் தொளதொளப்பு தெரியும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கும், பட்டனும் மளமளவென்று கரையும்.

எல்லாப் பருவ டயர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கடும் பனியில் குளிர்கால டயர் அளவுக்குப் பிடிக்காது, கடும் வெயிலில் கோடை டயர் அளவுக்குப் பிடிக்காது, ஆனால் இரண்டிலும் சமாளித்துவிடும்.

உங்கள் வண்டி எங்கே ஓடுகிறது?

ஜோபர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட ஏறக்குறைய 500 மீட்டர்தான் தாழ்வு. அதனால் ஜூலை விடியற்காலையில் 4 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும், சில நாள் பூஜ்யத்துக்கே போகும். ஆனால் நண்பகலில் அதே நாள் 17 டிகிரி தொட்டுவிடும், வானத்தில் ஒரு மேகம் இருக்காது. இங்கே குளிர்காலம்தான் வறண்ட காலம். மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை, அதுவும் சாயங்கால இடிமழையாகக் கொட்டும். நம் ஊரில் குளிரும் மழையும் மார்கழிக்கு முன்னால் சேர்ந்தே வரும். இங்கே இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

நகரத்துக்குள் கண்ணுக்குத் தெரியப் பனி விழுந்தது 2012 ஆகஸ்ட் 7 அன்று. அப்புறம் 2023 ஜூலை 10 அன்று. இரண்டுக்கும் நடுவே பதினோரு வருடம். பிள்ளைகள் தோட்டத்தில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பனியை நாக்கில் பிடித்தார்கள், நான் போட்டோ எடுத்தேன், மதியத்துக்குள் எல்லாம் கரைந்துவிட்டது. இதற்காக நான்கு டயர் வாங்கி ஷெட்டில் அடுக்கி வைக்க முடியாது.

டர்பனைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஜூலை ராத்திரியிலும் சராசரியாக 10, 11 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இறங்கும். கேப்டவுனில் குளிரும் மழையும் ஒன்றாக வரும்தான், ஆனால் அங்கேயும் சாலையில் தண்ணீர்தான் ஓடும். பனியெல்லாம் செரெஸ் பக்கத்து மலை உச்சிகளில்.

பதில் மாறுவது இவர்களுக்குத்தான்: டிரேக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் அண்டர்பர்க், ஹிமெவில் பக்கமோ, ஃப்ரீ ஸ்டேட்டின் கிளாரன்ஸ் பக்கமோ, ஈஸ்டர்ன் கேப்பின் பார்க்லி ஈஸ்ட் பக்கமோ, நார்தர்ன் கேப்பின் சதர்லாந்திலோ வேலை அமைந்தவர்கள். லெசோத்தோவுக்கு அடிக்கடி போய்வருகிறவர்களும் சேர்த்தி. அந்த நாட்டில் மிகத் தாழ்வான இடமே ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

வண்டியை நிழலில் நிறுத்தி, குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 195/65 ஆர்15 91 ஹெச் என்பது போல எழுதியிருக்கும். அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும். ஹெச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள அளவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய கார் வாங்கியிருந்தால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். முன்பு வைத்திருந்தவர் கையில் கிடைத்ததை மாட்டியிருப்பார்.

அடுத்து, பருவத்துக்கான குறி. எம் பிளஸ் எஸ் என்ற எழுத்துகள் இருந்தால் 'சேறும் பனியும்' என்று பொருள். இதை நம்பி ஏமாறாதீர்கள். பட்டன் வடிவத்தைப் பார்த்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் குறி அது. இங்கே பக்கிகளிலும் எஸ்.யூ.வி.களிலும் வரும் டயர்களில் ஏராளமாகப் பார்க்கலாம். (பிக்கப் வண்டிக்கு இந்த நாட்டில் 'பக்கி' என்று பெயர். முதல்முறை என் ஆபீஸில் ஒருவர் "மை பக்கி" என்றபோது யாரைத் திட்டுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.) நிஜமான குறி, மூன்று சிகரம் உள்ள மலைக்குள் ஒரு பனிப்பூ வரைந்த சின்னம். பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். குளிர்கால டயரில் இருக்கும், நல்ல எல்லாப் பருவ டயரிலும் இருக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அந்தச் சோதனை பனியில் நடப்பது, கண்ணாடி போல உறைந்த ஐஸில் அல்ல.

இந்த ஊர்க் கடைகளில் சாதாரணமாக அடுக்கியிருக்கும் கார் டயர், ஐரோப்பாக் கணக்கில் கோடை டயர். "இது எல்லா சீசனுக்கும் ஓடும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. இந்த ஊரின் எல்லா சீசனையும்தான் சொல்கிறார். மலைச்சின்னம் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, எதை வாங்குவது?

நகரத்துக்குள் ஓட்டி, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை என்3 நெடுஞ்சாலை வழியாக டர்பன் போய்வரும் குடும்பம் என்றால் மழைப்பிடி நன்றாக உள்ள சாதா டயர் போதும். நம்மில் பெரும்பாலானவர்கள் இந்த வகைதான். ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கும் இசிபிங்கோவுக்கும் போகிற கூட்டத்தில் யாரும் பனிச்சின்னத்தைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. இங்கே நம் உயிருக்கு உலை வைப்பது பனியைவிடத் தண்ணீர்தான். நான்குவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது பட்டன் தேய்ந்திருந்தால், டயரால் தண்ணீரை ஒதுக்கித் தள்ள முடியாது. வண்டி தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங் திடீரென்று லேசாகும், திருப்பினாலும் வண்டி திரும்பாது. எனக்கு ஒருமுறை பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி இறக்கத்தில் இப்படி ஆனது. ஒரு மூச்சு விடும் நேரம்தான், ஆனால் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளின் தலை கண்ணாடியில் தெரிந்தது இன்னும் நினைவிருக்கிறது. பிரேக்கை மிதிக்காமல் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் எடுத்துக் காத்திருக்க வேண்டும். டயர் மறுபடி தரையைத் தொட்டதும் கையில் கனம் திரும்பும்.

மலையடிவாரத்தில் குடியிருந்தால், வருடம் முழுக்க மலைச்சின்னமுள்ள எல்லாப் பருவ டயர் போடுவது புத்திசாலித்தனம். பக்கி வைத்திருந்தால் இன்னும் சுலபம். ஆல் டெரெய்ன் (தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்குமான) டயர்களில் சிலவற்றுக்கு அந்தச் சின்னம் உண்டு, பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2 அப்படி ஒன்று. விலை கூடத்தான், ரோட்டில் சத்தமும் கொஞ்சம் கூடும். முழுக் குளிர்கால டயர் இங்கே கடையில் வரிசையாக இருக்காது, சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். தினமும் பனியில் ஓட்டும் பிழைப்பு இருந்தாலொழிய நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும் நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். முன்னால் மட்டும் இரண்டு பனி டயர் போட்டால் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும்.

லெசோத்தோவின் ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்குத் தலத்துக்குப் பிள்ளைகளோடு ஒருமுறை போய்ப் பனி பார்த்துவரத்தான் ஆசையா? அதற்காக டயரை மாற்றாதீர்கள். ஃபூரிஸ்பர்க் பக்கத்துக் கலடன்ஸ்பூர்ட் எல்லையைத் தாண்டி, புத்தா-புத்தே ஊர் வழியாக மோட்டெங் கணவாய் ஏற வேண்டும். கணவாய் மட்டும் 2,800 மீட்டருக்கு மேல். புதுப் பனி விழுந்த வாரத்தைத் தவிர்த்து, தார்ச்சாலை காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்து, சூரியன் நன்றாக ஏறிய பிறகு போங்கள். நிழல் விழும் வளைவுகளில் ராத்திரி கசிந்த தண்ணீர் உறைந்து கிடக்கும். அது தார் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. டயர் அளவுக்குப் பொருந்தும் பனிச்சங்கிலி ஒரு ஜோடி எடுத்துப்போங்கள். வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பழகிக்கொள்வது முக்கியம். விரல் மரத்துப்போன நிலையில் மலையில் நின்று வழிமுறைத் தாளைப் படிப்பது நடக்காத காரியம். எஞ்சின் இழுக்கும் சக்கரங்களில்தான் சங்கிலி மாட்ட வேண்டும். கார் வங்கிக் கடனில் இருந்தால் எல்லை தாண்ட வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும், வாடகைக் கார் என்றால் அந்த நிறுவனத்தின் கடிதம். சானி கணவாய்ப் பக்கம் மட்டும் குடும்பக் காரோடு போய்விடாதீர்கள். நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டியைத் தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடையில் நிற்கும்போது

நான் முதன்முதலில் இங்கே டயர் வாங்கியது 2019இல். ஒரு கடையில் "சலுகை விலை" என்றார்கள், நான்கும் மாட்டி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து வேறொரு பஞ்சர் கடைக்காரர்தான் காட்டினார்: டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 3514. 2014ஆம் வருடத்தின் 35ஆவது வாரம் செய்த டயர். புதிது என்று நான் வாங்கியபோதே அதற்கு ஐந்து வயது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் கெட்டியாகும், வெடிப்பு விடும். அன்றிலிருந்து டயரை ரிம்மில் ஏற்றும் முன்பே போன் டார்ச்சை அடித்து அந்த நான்கு இலக்கத்தைப் பார்க்கிறேன். அந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுமையாக இருக்கும், உள்பக்கமாக மாட்டிவிட்டால் காருக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். கூச்சப்படாமல் முதலிலேயே கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் நான் வேறு கேட்பேன்.

பழைய டயர் விற்கும் கடைகளும் தெருவோரம் நிறைய உண்டு. பக்கச்சுவரில் வீக்கம், வெட்டு, உள்பக்கத்தில் ஒட்டு இருந்தால் காசு எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டு டயர்தான் இப்போதைக்கு வாங்க முடியும் என்றால், அந்தப் புது இரண்டும் பின்னால் போகட்டும். முன்சக்கர இழுவை வண்டியானாலும் அப்படித்தான். முன்பக்கம் வழுக்கினால் வேகம் குறைய வண்டி நேராகும். பின்பக்கம் வழுக்கினால் சுழன்றுவிடும், நம்மைப் போன்ற சாதாரண ஓட்டுநர்களால் அதை நிறுத்த முடியாது.

தேய்மானத்துக்கு இந்த நாட்டுச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பட்டன் ஆழம் 1 மில்லிமீட்டர். அது கிட்டத்தட்ட மொட்டை டயர். பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அதோடு சமமானால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே மழையில் பிடி வேகமாகக் குறைவதால், நவம்பர் மழைக்கு முன்பே மாற்றிவிடுவது என் வழக்கம். அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். இந்த ஊர்ப் பள்ளங்களில் ஒன்றில் விழுந்தாலே அலைன்மென்ட் போய்விடும்.

காற்று

பெட்ரோல் பங்க்கில் இங்கே நாமே ஊற்றிக்கொள்ளும் பழக்கம் இல்லை. ஆள் வந்து ஊற்றுவார், கேட்டால் காற்றும் பிடித்துக் கொடுப்பார், 5 ரேண்ட் கையில் கொடுப்பது மரியாதை. "எவ்வளவு?" என்று கேட்பார். நம் ஊர் 32 பி.எஸ்.ஐ. இங்கே 2.2 பார். உங்கள் கார் எண்ணைக் கதவுத் தூண் ஸ்டிக்கரில் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதில் இரண்டு வரி இருக்கும்: சாதாரணமாக ஓட்ட ஒன்று, ஆட்களும் சாமானும் நிறைந்தால் ஒன்று. ஐந்து பேரும், டிக்கி நிறைய மூட்டையும், மாமியார் கொடுத்த அரிசிப்பையும் இருந்தால் இரண்டாவது வரி.

டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதுதான் கணக்கு. வெப்பம் 10 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 0.1 பார் குறையும். பிப்ரவரியில் பிடித்த காற்றோடு ஜூலைக்குள் நுழைந்தால் டயர் தளர்ந்துதான் இருக்கும். குளிர்காலத்தில் "வண்டி இழுக்கிறது, வழுக்குகிறது" என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் வியாதி என்பது என் அனுபவம்.

இன்னொன்று, உயரத்தின் விளையாட்டு. ஜோபர்க்கில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. டயர் மீட்டர் காட்டுவது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை. இங்கே 2.2 பிடித்துக்கொண்டு டர்பன் கடற்கரையில் போய் நின்று அளந்தால், ஒரு சொட்டுக் காற்று கசியாமலே சுமார் 0.2 பார் குறைத்துக் காட்டும். டர்பன் வெக்கை அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் ஒருமுறை, திரும்பி வந்த மறுநாள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து. அது ஒல்லியான தற்காலிக டயராக இருந்தால் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது.

பனி விழும் என்று சொன்னால்

2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. மறுநாள் புரட்டாசி முதல் சனி. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நண்பர் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பத் தயாராக இருந்தோம். 24ஆம் தேதி பாரம்பரிய தின விடுமுறையும் சேர்ந்ததால் பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு என் மனைவி, "என்னங்க, நாளைக்குப் பார்த்துக்கலாமே" என்றாள். எனக்கு எரிச்சல்தான். மறுநாள் காலை பார்த்தால் ஹாரிஸ்மித்துக்கும் லேடிஸ்மித்துக்கும் நடுவே வான் ரீனன் கணவாய்ப் பகுதியில் என்3 மூடிக்கிடந்தது. ராத்திரி முழுக்க வண்டிக்குள்ளேயே விறைத்துக் கிடந்தவர்கள் ஏராளம். லாரிகள் வழுக்கிக் குறுக்கே நின்றபின் பின்னால் இருப்பவர் என்ன டயர் போட்டிருந்தால் என்ன? உலகத்திலேயே சிறந்த குளிர்கால டயரும் அந்த வரிசையில்தான் நின்றிருக்கும்.

அதனால் மே கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை டர்பன் கிளம்புவதற்கு முந்தின நாள் வானிலைத் துறை எச்சரிக்கையையும், என்3 சுங்கச் சாலை நிறுவனம் வெளியிடும் சாலை நிலவரத்தையும் பாருங்கள். வான் ரீனன் பெயர் வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மாற்றுவழி என்று ஓலிவியர்ஸ்ஹூக் கணவாய்க்கு வண்டியைத் திருப்புவதில் பயனில்லை, அதுவும் அதே மலைத்தொடர்தான்.

வண்டியில் ஒரு ஆளுக்கு ஒரு போர்வை, தண்ணீர், டார்ச், போன் சார்ஜர் இருக்கட்டும். டாங்கியைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள். மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு நடந்து போக வேண்டாம். சூட்டுக்காக எஞ்சினை ஓட்டுவதென்றால் முதலில் இறங்கிப்போய்ப் புகைக்குழாயை மூடியிருக்கும் பனியை ஒதுக்கிவிட்டு, ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்து வைத்து, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். குழாய் அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளே வரும், அதற்கு வாசனையே கிடையாது. சாப்பாட்டுக்கு இந்த நாட்டுக்காரர்கள் பிரயாணத்தில் 'பாட்கோஸ்' கட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் வண்டியில் அது புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்.